எல்லைநாட்டு இடையரின் நாய்

"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்பது நம்மவர் நாவில் வழங்கும் பழமொழி. தெருவிலே காரணமின்றி அங்குமிங்கும் ஓடித் திரியும் நாயைக் கண்டவர்கள், பயனற்ற பரபரப்புக்கு அதனை உவமையாக்கினர். ஆனால், வேலைக்கென்றே உருவாக்கப்பட்ட நாயினம் ஒன்று உலகில் உண்டு. அதற்கு வேலை கிடைத்தால் அது மனிதனின் வலக்கையாக விளங்கும். வேலை மறுக்கப்பட்டால் தானும் துன்புற்றுத் தன்னை வளர்ப்பவரையும் துன்புறுத்தும். பிரித்தானிய மலைச்சாரல்களிற் செம்மறி மேய்க்கும் 'போர்டர் கொலி' என்னும் நாயே அது.

'போர்டர்' என்றால் எல்லை. இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடையே கிடக்கும் எல்லைப்புறத்தை அச்சொல் இங்கே குறிக்கின்றது. 'கொலி' என்பது ஸ்கொட்லாந்து மக்கள் இடையரின் நாய்க்கு வழங்கிய பெயர். ஆகவே, எல்லைநாட்டு இடையரின் நாய் என்பதே இப்பெயரின் பொருளாகும். ஒரு தொழில் ஓர் உயிரினத்தை எவ்வாறு ஆக்குகின்றது, அங்ஙனம் ஆக்கிய மனிதனுக்கு அவ்வுயிரிடத்து எத்தகைய கடமை உண்டாகின்றது என்னும் இரண்டையும் இந்நாயின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

மந்தை வளர்ப்போருக்கு நாய் துணைபுரியும் முறைகள் இரண்டு. ஒன்று காவல், மற்றையது மந்தையை நடத்துதல். ஓநாயும் கரடியும் கள்வரும் உலவும் நாடுகளில் இடையனுக்கு வேண்டுவது பெரிய உடலும் அஞ்சா நெஞ்சும் உடைய காவல் நாய். இத்தாலியின் மரெம்மா நாயும் ஹங்கேரியின் கூவாஸ் நாயும் இவ்வகையின. நமது வன்னியிலும் மட்டக்களப்பிலும் மாட்டுப் பட்டியருகே படுத்திருந்து, இரவில் அரவங் கேட்டுக் குரைக்கும் நாயும் தொழிலால் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால், இங்கிலாந்தில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் ஓநாய்கள் ஏறக்குறைய அற்றுப்போயின. பகைவிலங்கு நீங்கிய நிலத்தில் காவல் நாயின் தேவை குறைந்தது. சிதறிய ஆட்டைக் கூட்டவும், கூட்டியதை ஓட்டவும், ஓட்டியதைப் பிரிக்கவும் வல்ல விரைவான சிறிய நாயின் தேவை மிகுந்தது.

இந்த மாற்றத்தைக் கண்டு எழுதிவைத்தவர் ஒரு மருத்துவர். ஜோன் கீஸ் என்னும் அவர் ஆங்கில அரச குடும்பத்துக்கு மருத்துவராக இருந்தவர். பிரித்தானிய நாய்களைப் பற்றி அவர் இலத்தீன் மொழியில் இயற்றிய சிறுநூல் 1570ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1576இல் அது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. ஓநாய் இல்லாமையால் இங்கிலாந்து இடையனின் நாய் பெரிதாக இருக்கவேண்டியதில்லை என்றும், தலைவனின் குரலுக்கும் கையசைவுக்கும் சீழ்க்கைக்கும் பணிந்து அது ஆடுகளை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவரும் என்றும் அவர் குறித்துள்ளார். அவர் கண்ட மற்றொரு வேறுபாடு மிகவும் நுட்பமானது. பிறநாடுகளில் இடையன் முன்னே செல்ல ஆடுகள் பின்னே செல்லும். இங்கிலாந்திலோ ஆடுகள் முன்னே செல்ல இடையன் பின்னே செல்வான். விவிலியத்தில் வரும் நல்லாயன் முன்னே நடக்க, ஆடுகள் அவன் குரலறிந்து தொடர்வதை நேயர்கள் அறிவர். அது கீழைத்தேய வழக்கம். பின்னே நடக்கும் இடையனுக்கு முன்னும் பக்கமும் சென்று மந்தையைத் திருப்ப மற்றொருவர் வேண்டும். அந்த இடத்தையே நாய் ஏற்றது.

இனி, அந்நாய் பிறந்த நிலத்தை நோக்குவோம். எல்லைப்புறத்திற் செவியட் குன்றுகள் தொடர்ந்து கிடக்கின்றன. மரஞ்செறியாத புல்மலைகள், கோடையிலும் மூடுபனி, குளிர்காலத்திற் பனிப்புயல். உழுது பயிரிட உதவாத அந்நிலம் செம்மறிக்கு ஏற்றது. அங்கே ஆடுகள் வேலியின்றிப் பரந்து மேயும். ஓர் இடையனின் பொறுப்பில் பல நூறு ஆடுகள் இருக்கும். மயிர் கத்தரிக்கவும், குட்டிகளைப் பிரிக்கவும், சந்தைக்கு அனுப்பவும் அவற்றை உச்சியிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் கூட்டிக்கொண்டுவரல் வேண்டும். மனிதர் மாத்திரம் அதனைச் செய்வதாயின் மலையெங்கும் ஆட்களை நிறுத்த நேரிடும். இடையராக இருந்து எழுத்தாளராகிய ஜேம்ஸ் ஹொக், நாய் இல்லையேல் ஸ்கொட்லாந்தின் மலைநிலம் முழுவதும் பயனற்றதாகிவிடும் என்றும், மந்தையாற் கிடைக்கும் வருவாய் அதனைக் கூட்டும் ஆட்களின் கூலிக்கே போதாது என்றும் கணக்கிட்டார். அந்நாட்டின் கம்பளிச் செல்வம் இந்நாயின் கால்களின்மேல் நின்றது என்று கூறினும் பொருந்தும்.

1770இற் பிறந்து 1835இல் மறைந்த ஹொக், எட்ரிக் என்னும் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். அவர் தம் நாயாகிய சிராவைப் பற்றி எழுதிய நிகழ்ச்சி இத்துறையிற் புகழ்பெற்றது. மெலிந்து, கயிற்றிற் கட்டுண்டு சென்ற அந்நாயை அவர் ஒரு கால்நடை வியாபாரியிடமிருந்து ஒரு கினி கொடுத்து வாங்கினார். அதற்கு அப்போது ஒரு வயதும் நிரம்பவில்லை. ஆட்டைத் திருப்பி அறியாது. ஆயினும், கற்பிக்கப்பட்டதை அது மறக்கவில்லை. கற்பிக்கப்படாததைத் தானே ஆராய்ந்து செய்தது. ஒருமுறை, தாயிடமிருந்து புதிதாகப் பிரிக்கப்பட்ட ஏறக்குறைய 700 குட்டிகள் நள்ளிரவில் வெருண்டு மூன்று கூட்டமாகப் பிரிந்து மலைகளில் ஓடி மறைந்தன. காரிருளில் நாயும் காணாமற் போயிற்று. ஹொக்கும் அவருடைய துணைவரும் இரவு முழுதுந் தேடி அலைந்து, விடியற்காலையில், அனைத்தையும் இழந்துவிட்டோம் என்று எசமானுக்கு அறிவிக்கப் புறப்பட்டனர். வழியில் ஓர் ஆழ்ந்த பள்ளத்திலே குட்டிகள் நின்றன. முன்னே சிரா காவல் நின்றது. ஒரு கூட்டத்தையே அது காத்தது போலும் என்று முதலில் எண்ணினர். எண்ணிப் பார்த்தபோது ஒரு குட்டியும் குறையவில்லை. அவ்விருளில் மூன்று கூட்டங்களையும் அது எவ்வாறு ஒன்றுசேர்த்தது என்பது ஹொக்குக்கு விளங்கவேயில்லை.

இந்நாயின் புகழோடு ஒரு துயர வரலாறும் பிணைந்துள்ளது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பளிக்கும் இறைச்சிக்கும் விலை உயர்ந்தது. ஸ்கொட்லாந்தின் வடமலைநாட்டு நிலப்பிரபுக்கள், குடியானவர் செலுத்தும் சிறு வாடகையிலும் செம்மறிப் பண்ணை தரும் வருவாய் பெரிதெனக் கண்டனர். தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த கேலிக் மொழி பேசும் மக்கள் தம் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்கள் இருந்த இடத்தில் தெற்கிலிருந்து செவியட் ஆடுகளும், அவற்றோடு எல்லைநாட்டு இடையரும், இடையரோடு இந்நாய்களும் வந்து சேர்ந்தன. 1792ஆம் ஆண்டில் றொஸ் பிரதேச மக்கள் ஒன்றுதிரண்டு ஆயிரக்கணக்கான செம்மறிகளைத் தெற்கு நோக்கி விரட்டத் தொடங்கினர். படையினர் வந்து அம்முயற்சியை அடக்கினர். நூற்றுக்கணக்கானோர் உழைத்து வாழ்ந்த நிலத்தைச் சில இடையரும் சில நாய்களும் நடத்த முடிந்தமை அக்கொடுமைக்கு உதவியது. இதில் நாயின்மீது பழியில்லை. கருவி நல்லதாயினும் அது யார் கையில், எந்நோக்குக்குப் பயன்படுகின்றது என்பதையே வரலாறு கேட்கும்.

இவ்வளவு ஆற்றல் இந்நாய்க்கு எங்கிருந்து வந்தது? வேட்டை உணர்ச்சியிலிருந்தே வந்தது. ஓநாய் இரையைக் கண்டு உற்றுநோக்கும், பதுங்கி அணுகும், துரத்தும், கடித்துப் பிடிக்கும், கொல்லும். இடையர் பல தலைமுறைகளாக நாய்களைத் தெரிந்தெடுத்தபோது, இத்தொடரின் முற்பகுதியாகிய நோக்கலையும் பதுங்கலையும் துரத்தலையும் வளர்த்தனர். பிற்பகுதியாகிய கடித்தலையும் கொல்லலையும் அடக்கினர். ஆட்டைக் கிழித்த நாய்க்கு மலைநாட்டில் இடமில்லை. எனவே, போர்டர் கொலி தலையைத் தாழ்த்தி, வாலை இறக்கி, உடலை நிலத்தோடு படியவைத்து, ஆட்டை இமையாது நோக்கியவாறு அணுகும். இப்பார்வையை இடையர் 'கண்' என்றே கூறுவர். வன்மையான கண்ணுடைய நாய் குரைப்பதில்லை, கடிப்பதும் அரிது. அதன் நோக்கே ஆட்டை நகர்த்தும்.

செம்மறியின் இயல்பும் இதற்கு இடந்தருகின்றது. ஒவ்வோர் ஆட்டையும் சூழ்ந்து கண்ணுக்குப் புலப்படாத எல்லை ஒன்று உண்டு. பகை அவ்வெல்லைக்கு அப்பால் நிற்குமளவும் அது மேயும். எல்லையைத் தொட்டால் விலகி நடக்கும். மேலும் நெருங்கினால் ஓடும். வழி அடைபட்டால் திரும்பி எதிர்க்கும். நல்ல நாய் அவ்வெல்லையின் விளிம்பில் நின்று வேலை செய்யும். மந்தைக்கு ஒருபுறத்தில் இடையன் நின்றால், அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் நாய் தானாகவே போய் நிற்கும். மணிக்கூட்டிலே ஆறு மணி குறிக்குமிடத்தில் இடையன் நின்றால், பன்னிரண்டு மணி குறிக்குமிடத்தில் நாய் நிற்கும் என்று பயிற்றுவோர் உவமை கூறுவர். இவ்வியல்பு கற்பித்து வருவதன்று, குருதியில் வருவது. வலமாகச் சுற்று, இடமாகச் சுற்று, படு, முன்னே நட, போதும் என்னும் கட்டளைகளை மாத்திரமே மனிதன் கற்பிக்கின்றான்.

இத்திறமை ஊரவர் அறிந்த ஒன்றாகவே நெடுங்காலம் இருந்தது. 1873ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் ஊரில், லொயிட் பிரைஸ் என்னும் நிலக்கிழார் ஏற்பாடு செய்த போட்டியே பிரித்தானியாவில் முறையாகப் பதிவான முதலாவது ஆட்டுநாய்ப் போட்டியாகக் கருதப்படுகின்றது. அதில் வென்றது ட்வீட் என்னும் நாய். அதன் உரிமையாளர் வேல்ஸில் வாழ்ந்த ஸ்கொட்லாந்து நாட்டவர். அதன்பின் இத்தகைய போட்டிகள் நாடெங்கும் பரவின. போட்டியின் அமைப்பு இடையனின் நாளாந்த வேலையையே ஒத்தது. தொலைவில் நிற்கும் ஆடுகளைச் சுற்றிச் செல்லல், அமைதியாக அவற்றை அசைத்தல், நேராகக் கொண்டுவருதல், எதிர்த்திசையில் ஓட்டிச் செல்லல், சிலவற்றைப் பிரித்தல், பட்டியில் அடைத்தல் என்பன அதன் பகுதிகள். உச்சநிலைப் போட்டியில் நாய் ஏறக்குறைய 800 யார் தூரத்திலிருந்து பத்து ஆடுகளைக் கொண்டுவந்து விட்டு, மீண்டுஞ் சென்று, வேறிடத்தில் நிற்கும் மற்றைப் பத்தையுங் கொண்டுவரல் வேண்டும்.

இன்றைய போர்டர் கொலி இனத்துக்கு ஒரு மூலபுருடனும் உண்டு. நோர்தம்பர்லாந்து பிரதேசத்தில் அடம் டெல்பர் என்னும் விவசாயியிடம் 1893ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஹெம்ப் என்னும் நாய் பிறந்தது. அதன் தந்தை றோய் மனிதரோடு இனிது பழகும். ஆனால், கண்ணின் வன்மை குறைந்தது. தாய் மெக் கூச்சமுடையது. ஆனால், அளவுமீறிய கண்வன்மை உடையது. இருவரின் குறைகளும் நீங்கி நிறைவுகள் சேர்ந்தாற்போல ஹெம்ப் அமைந்தது. குரைக்காமலும் கடிக்காமலும் அமைதியாக அது வேலை செய்த முறையைக் கண்ட இடையர், தம் பெண்நாய்களை அதனிடங் கொண்டுவந்தனர். 1901இல் அது இறக்குமுன் ஏறக்குறைய 200 குட்டிகளுக்குத் தந்தையாயிற்று. இன்று உலகில் உள்ள போர்டர் கொலி நாய்களின் வம்சாவளியை ஆராய்ந்தால், ஏறக்குறைய அனைத்தும் ஹெம்பிடமே சென்று சேரும். 1906இல் ஸ்கொட்லாந்தின் ஹடிங்டன் நகரிற் சர்வதேச ஆட்டுநாய்க் கழகம் தோன்றியது. அதன் செயலாளராக விளங்கிய ஜேம்ஸ் ரீட் 1915ஆம் ஆண்டளவில் 'போர்டர் கொலி' என்னும் பெயரை வழங்கத் தொடங்கினார். நாய் தோன்றி நெடுங்காலஞ் சென்றபின்னரே பெயர் தோன்றியது.

வேறொரு பெயர் எதற்காகத் தேவைப்பட்டது? அதற்குள் மற்றொரு கொலி புகழ்பெற்றுவிட்டது. 1860இல் பேர்மிங்ஹம் நகரில் நடைபெற்ற நாய்க் கண்காட்சியில் ஸ்கொட்லாந்து ஆட்டுநாய்களுக்குத் தனிப்பிரிவு இடம்பெற்றது. அக்காலத்தில் விக்டோரியா மகாராணியாரும் கொலி நாய்களை விரும்பி வளர்க்க, செல்வர் இல்லங்களில் அவை நாகரிகப் பொருளாயின. நீண்ட மயிரும் ஒடுங்கிய முகமும் வேண்டிக் கண்காட்சியாளர் அவற்றைப் பெருக்கினர். 1943இல் வெளியான 'லாஸி' திரைப்படத்தில் உலகம் கண்டது அந்த அழகிய கொலியையே. அழகுக்காகத் தெரிந்தெடுத்தபோது, மேய்க்கும் ஆற்றல் கவனிப்பாரின்றிக் குன்றியது. இதனைக் கண்ட இடையர், தம் நாய்க்கும் அதே கதி நேருமோ என்று அஞ்சியமை வியப்பன்று. பிரித்தானியக் கெனல் கழகம் 1976இலும் அமெரிக்கக் கெனல் கழகம் 1995இலும் போர்டர் கொலியைக் கண்காட்சி இனமாக ஏற்றபோது, மேய்ச்சல் நாய் வளர்ப்போர் பலர் கடுமையாக எதிர்த்தனர். சர்வதேச ஆட்டுநாய்க் கழகமோ உருவத்துக்கு இலக்கணம் வகுக்கவில்லை. காது நிமிரலாம், மடியலாம்; மயிர் நீளலாம், குறுகலாம்; நிறம் எதுவாகவும் இருக்கலாம். பதிவில்லாத நாயும் மேய்க்கும் திறமையைக் காட்டித் தகுதியினாற் பதிவுபெறும் வழி அங்கு உண்டு. குலத்தைவிடத் தொழிலே அதன் தரத்தை நிறுத்துகின்றது.

அறிவிலும் இந்நாய் ஆராய்ச்சியாளரைக் கவர்ந்தது. 2004இல் ஜேர்மனியைச் சேர்ந்த றிக்கோ என்னும் போர்டர் கொலி ஏறக்குறைய 200 பொருள்களின் பெயரை அறியும் என்று விஞ்ஞானிகள் வெளியிட்டனர். 2011இல் அமெரிக்காவைச் சேர்ந்த சேஸர் என்னும் நாய், மூன்றாண்டுப் பயிற்சியின்பின் 1022 பொருள்களின் பெயரைக் கற்றமை எழுதப்பட்டது. மனிதக் குரலின் சிறு வேறுபாட்டையும் கேட்டுப் பொருள்கொள்ளும் இப்பண்பு, மலைமேல் ஒலித்த சீழ்க்கையை நூற்றாண்டுகளாகக் கேட்டதன் பயனாகும்.

சிறப்பைத் தேடும் முயற்சியிலும் அபாயம் உண்டு. 1965இல் உச்சநிலைப் போட்டியில் வென்ற விஸ்டன் கப் என்னும் நாய்க்கு 1900இற்கு மேற்பட்ட குட்டிகள் பதிவாயின. ஒரு நாயின் குருதி இவ்வாறு எங்கும் பரவினால், அதன் நற்குணங்களோடு மறைந்துள்ள குறைகளும் பரவும். உறவினருக்குள் இணைதல் தவிர்க்கமுடியாததாகும். கொலி இனங்களிற் பெரிதும் காணப்படும் பரம்பரைக் கண்நோய் ஒன்று உண்டு. கண்ணால் வேலை செய்யும் நாய்க்குக் கண்ணிலே நோய் வருவதைவிடக் கொடியது யாது? அந்நோய்க்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2007இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். ஆதலின், குட்டி வாங்குவோர் தாய்தந்தையரின் கண்பரிசோதனைச் சான்றையும் மரபணுச் சோதனை முடிவையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். சாம்பற் புள்ளி படர்ந்த 'மேர்ல்' நிறத்தை விரும்பி, அந்நிறமுடைய இரண்டை இணைத்தல் ஆகாது. செவிடும் குருடுமான குட்டிகள் பிறக்கக்கூடும்.

இனிப் பராமரிப்பைப் பார்ப்போம். போர்டர் கொலி நடுத்தர உடலுடையது. பெரும்பாலும் 14 முதல் 20 கிலோகிராம் நிறை இருக்கும். 12 ஆண்டுகளோ அதற்கு மேலோ வாழும். மயிர் இரண்டு அடுக்கானது. வாரந்தோறும் சீவி, முள்ளையும் உண்ணியையும் நீக்கினாற் போதும். கடும் வேலைக்குச் சற்றுமுன் வயிறு நிறைய உணவளித்தலாகாது. வேலை முடிந்து இளைப்பாறிய பின்னரே அளித்தல் நன்று. குட்டியின் எலும்பு முதிருமுன் நெடுந்தூரம் ஓடவிடுவதும் உயரத்திலிருந்து குதிக்கவிடுவதும் மூட்டுகளைக் கெடுக்கும். ஆடு மேய்க்கும் பயிற்சியை எட்டு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையே, குட்டி தானே ஆர்வங் காட்டும்போது தொடங்குவர். வெப்பமான வேளையில் இந்நாய் களைப்பைப் பொருட்படுத்தாது ஓடி, தள்ளாடி விழுவதுண்டு, நிறுத்தவேண்டியவர் வளர்ப்பவரே. கொலி இனங்கள் சிலவற்றின் உடல், ஐவர்மெக்ரின் போன்ற மருந்துகளைத் தாங்காது. எனவே, புழுமருந்தாயினும் மிருக வைத்தியரைக் கேளாது கொடுத்தலாகாது.

இவையெல்லாம் உடலுக்குச் செய்யும் பணி. உள்ளத்துக்குச் செய்யும் பணியே கடினம். போட்டிகளிலும் திரையிலும் இந்நாயின் அறிவைக் கண்டு மயங்கி, நகரத்துச் சிறு வீடுகளில் இதனை வளர்க்க முற்படுவோர் உளர். காலையில் தொழிலுக்குச் சென்று மாலையில் மீளும் குடும்பத்தில் அது நாள் முழுதுந் தனியே கிடக்கும். மேய்க்க ஆடில்லாத நாய், ஓடும் சைக்கிளையும் மோட்டார் வண்டியையும் மேய்க்கப் புறப்படும். விளையாடும் சிறுவரின் குதிகாலைக் கௌவும். சுவரில் அசையும் நிழலை மணிக்கணக்காக நோக்கி நிற்கும். அதனைக் கெட்ட நாய் என்று வீட்டார் கைவிடுவர். அது பிறவியிற் பெற்ற கடமையை, வேறு வழியின்றி, கிடைத்த பொருளின்மீது செய்துகொண்டிருக்கின்றது என்பதை அவர் உணர்வதில்லை.

இதற்குப் பரிகாரம் வெறும் ஓட்டமன்று. ஓட்டம் உடலை வலுவாக்கும். அடங்காத உள்ளத்தை அது அடக்காது. அழைத்தால் வருதல், பொருளைத் தேடி எடுத்தல், மோப்பம் பிடித்தல், தடைதாண்டல் முதலிய வேலைகளை ஒழுங்காகக் கொடுத்து, வேலை முடிந்ததும் 'போதும்' என்று சொல்லி ஓய்ந்திருக்கவும் பழக்கல் வேண்டும். ஓய்வும் கற்பிக்கப்படவேண்டிய பாடமே. இவற்றுக்கு நாள்தோறும் நேரம் ஒதுக்க இயலாதவர், வேறு இயல்புள்ள நாயை வளர்ப்பதே அறம்.

காட்டு விலங்கு தன் குணங்களைத் தானே பெற்றது. அவற்றுக்கு அது எவரிடமும் கணக்குக் கேட்பதில்லை. ஆனால், போர்டர் கொலியின் கண்ணையும் ஓட்டத்தையும் அடங்காத ஆர்வத்தையும் மனிதன் தன் தேவைக்காக வளர்த்தான். ஒரு கினி விலைக்கு வந்த சிரா, இருளிலே 700 குட்டிகளைக் காத்து நின்றது. அந்நாயின் வழித்தோன்றல்களிடமிருந்து வேலையைப் பெற்றவன், வேலை தேவையற்றபோது அவற்றை மறந்துவிடல் நன்றியாகாது. நாய்க்கு வேலை இல்லை என்று பழமொழி கூறட்டும். இந்நாய்க்கு வேலை உண்டு. அதனைக் கொடுக்கவேண்டிய பொறுப்பு மனிதனுக்கே உண்டு.